திருமணத்திற்குள் பதினைந்து கிலோ குறைக்க முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 43. உயரம் 156 சென்டிமீட்டர், எடை 78 கிலோ. சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) கணவர், மாமியார், மூன்று பிள்ளைகளுடன் வசிக்கிறேன். தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் வேலை செய்கிறேன். நாள்தோறும் மூன்று குவளை தேநீர் குடிக்கிறேன், ஒவ்வொன்றிலும் டின் பால் (இனிப்பான கெட்டிப் பால்) இரண்டு மேசைக்கரண்டி விடுவேன். நடக்கலாம் என்றால் தாமான் சாலையில் நாய்த் தொல்லை, மோட்டார்கள் வேறு. அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி 6.0 என்று வந்தது. நாத்தனார் மகளின் திருமணம் இன்னும் மூன்று மாதத்தில் நடக்கவிருக்கிறது. அதற்குள் பதினைந்து கிலோ குறைக்க நினைக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சத்துமாவுப் பானத்தை மட்டும் குடித்துப் பத்தே வாரத்தில் 11 கிலோ குறைத்தேன். ஓராண்டுக்குள் 13 கிலோ ஏறிவிட்டது. எனக்கு மனக்கட்டுப்பாடு போதாது. இப்போது ஒரு தோழி உடல் மெலியும் கோப்பி விற்கிறார், குடிக்கலாமா? ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டி மூன்று வேளையும் சோறுதான் சாப்பிட்டார். கடைசிவரை ஒல்லியாகவே இருந்தார். எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி? மாமியாருக்கு நீரிழிவு உண்டு, கால் விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். இரண்டாம் படிவம் படிக்கும் மகளும் பருமனாகி வருகிறாள். நான் தொடங்கும் உணவுக் கட்டுப்பாட்டில் இவர்கள் இருவரையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் திருமணத் தேதி பெரிதாகத் தெரிகிறது, 6.0 என்ற எண் ஒரு வரியில் வந்து போகிறது. உணவியல் ஆலோசகர் என்ற முறையில் நான் அந்த எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும். எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு, மூன்று மாதங்களில் உங்கள் இரத்தத்தில் சர்க்கரை சராசரியாக எந்த அளவில் இருந்தது என்பதைக் காட்டுவது. மலேசியாவில் பின்பற்றப்படும் மருத்துவ வழிகாட்டியின்படி 5.7 முதல் 6.2 வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.3 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு. நீங்கள் இன்னும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை என்பதும், தாண்டாமலே இருப்பதற்கான வாய்ப்பு பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கிறது என்பதும்தான் இந்தக் கடிதத்தில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிற செய்தி.

உங்கள் உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிட்டால் உடல் நிறைக் குறியீடு 32 வருகிறது. உலக அளவில் 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் உடற்பருமன் என்று சொல்லப்பட்டாலும், ஆசியர்களாகிய நமக்கு நம் நாட்டு வழிகாட்டி 23, 27.5 என்ற குறைந்த எல்லைகளையே வைத்திருக்கிறது. காரணம், அதே எடையுள்ள ஐரோப்பியரைவிட நம் உடலில் கொழுப்பு அதிகமாகவும், அதிலும் வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சுற்றி அதிகமாகவும் சேர்கிறது. அந்தக் கொழுப்புதான் இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. ஆகவே எடை பார்க்கும் நாளில் இடுப்பையும் அளந்து எழுதி வையுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், அளவு நாடாவை இறுக்காமல் சுற்றி அளக்க வேண்டும். பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் எல்லை. எடை அசையாத சில வாரங்களிலும் இடுப்பு குறைவதுண்டு. அளந்து வைத்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

இப்போது பதினைந்து கிலோவுக்கு வருகிறேன். மூன்று மாதத்தில் அவ்வளவு குறைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் உடல்நலத்திற்கு அவ்வளவு உடனடியாகத் தேவையும் இல்லை. 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உங்களைப் போலவே நீரிழிவின் விளிம்பில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். அவர்களில் ஒரு பகுதியினருக்குக் கொடுக்கப்பட்ட இலக்கு, உடல் எடையில் ஏழு விழுக்காட்டைக் குறைப்பதும் வாரத்திற்கு 150 நிமிடம் நடப்பதும் மட்டுமே. ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில், அவர்களிடையே நீரிழிவு தோன்றும் வாய்ப்பு மற்றவர்களைவிட 58 விழுக்காடு குறைந்திருந்தது; மெட்ஃபோர்மின் என்ற நீரிழிவு மாத்திரை எடுத்தவர்களிடம் அது 31 விழுக்காடுதான் குறைந்தது. பிற்பாடு பலருக்கு எடை ஓரளவு திரும்பி வந்த பிறகும், பத்தாண்டுக் கணக்கில் பார்த்தபோது பலன் முற்றிலும் கரைந்துவிடவில்லை. உங்கள் எடையில் ஏழு விழுக்காடு என்பது ஐந்தரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று சென்னையிலிருந்து வந்தது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு 531 பேரை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து 2006இல் முடிவுகளை வெளியிட்டது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. உணவிலும் நடையிலும் மாற்றம் செய்தவர்களில் அது 39 விழுக்காடாக இருந்தது. இந்த ஆய்வில் நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு: மாற்றம் செய்த அந்தக் குழுவினரின் சராசரி எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. சோற்றின் அளவையும் சர்க்கரையையும் எண்ணெயையும் குறைத்து, நாள்தோறும் நடந்ததாலேயே அவர்களுக்குப் பலன் கிடைத்தது. எடைக்கருவியின் முள் நகராத வாரங்களில் மனம் சோர்ந்து எல்லாவற்றையும் கைவிட நினைக்கும்போது, தயவுசெய்து இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, 11 கிலோ குறைந்து 13 கிலோ ஏறிய கதை. கடிதத்தில் இதைச் சொல்லும்போது உங்களுக்கு மனக்கட்டுப்பாடு போதாது என்று நீங்களே தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. மெல்பர்ன் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஐம்பது பேர் பத்து வாரங்கள் மிகக் குறைந்த உணவில் இருந்து சராசரியாக 13 கிலோவுக்கு மேல் இழந்தார்கள். ஓராண்டு கழித்து அவர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, பசியைத் தூண்டும் ஹார்மோன் உயர்ந்தும், வயிறு நிறைந்ததை உணர்த்தும் ஹார்மோன்கள் தாழ்ந்துமே இருந்தன. பசியும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. எடை வேகமாக இறங்கினால், பஞ்சம் வந்துவிட்டதென்று எடுத்துக்கொண்டு உடல் தன்னைக் காத்துக்கொள்கிறது. பானத்தை நிறுத்திய நாளிலிருந்து நீங்கள் மல்லுக்கு நின்றது அந்தப் பசியோடு. போதாக்குறைக்கு, அந்தப் பத்து வாரத்தில் உங்கள் சமையலில் எதுவும் மாறவில்லை. வீட்டார் அனைவரும் பழையபடியே சாப்பிட, நீங்கள் மட்டும் குவளையோடு ஒதுங்கி இருந்தீர்கள். பானம் நின்றதும் திரும்பிச் செல்வதற்குப் பழைய தட்டைத் தவிர வேறு எதுவும் உங்களுக்கு இருக்கவில்லை.

அதற்காக, மெதுவாகக் குறைத்த எடை தானாகவே நிலைத்துவிடும் என்றும் நான் சொல்லப்போவதில்லை. பலரும் அப்படிச் சொல்கிறார்கள். சான்று அதற்கு இடம் தரவில்லை. மெல்பர்னிலேயே 2014இல் வெளியான மற்றோர் ஆய்வில், 200 பேரில் ஒரு பாதியினர் 12 வாரங்களில் வேகமாகவும், மறுபாதியினர் 36 வாரங்களில் மெதுவாகவும் எடை குறைத்தார்கள். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, இரு தரப்பினரும் இழந்ததில் சுமார் 71 விழுக்காட்டைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். வேகமோ நிதானமோ, குறைப்பதற்கென்று ஒரு காலத்தை வைத்துக்கொண்டு அது முடிந்ததும் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் எடையும் திரும்பிவிடுகிறது. நான் நிதானத்தை வற்புறுத்துவது வேறொரு காரணத்திற்காக. எந்தப் பழக்கத்தால் எடை குறைகிறதோ அதே பழக்கத்தால்தான் அது நிற்க வேண்டும். ஆறு பேர் சாப்பிடும் ஒரு வீட்டில், ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும் ஒருவர், அறுபது வயதிலும் விடாமல் செய்யக்கூடிய மாற்றங்கள் சிறியவையாகத்தான் இருக்க முடியும். சிறிய மாற்றங்கள் எடையை மெதுவாகத்தான் குறைக்கும். மருத்துவர் பக்கத்திலிருந்து கண்காணிக்கும் வேகமான உணவுத் திட்டங்களும் உண்டு, சிலருக்கு அவை தேவையும்கூட. ஆனால் வீட்டில் தானாகவே வேகமாகக் குறைப்பவர்களுக்குத் தசையும் கணிசமாகக் கரைகிறது, பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பும் கூடுகிறது.

இனி உங்கள் வீட்டுக்குள் வருகிறேன். நாள்தோறும் மூன்று குவளை தேநீர் குடிப்பதாகவும், ஒவ்வொன்றிலும் டின் பால் இரண்டு மேசைக்கரண்டி விடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு மேசைக்கரண்டி டின் பால் ஏறத்தாழ 20 கிராம் இருக்கும். இரண்டு கரண்டியில் சுமார் 130 கலோரியும் இருபது கிராமுக்குச் சற்று மேற்பட்ட சர்க்கரையும் இருக்கின்றன. இப்போது கடைகளில் விற்கும் டின்களில் பெரும்பாலானவை செம்பனை எண்ணெய் கலந்த இனிப்புக் கிரீமர்தான் என்றாலும் கணக்கு பெரிதாக மாறாது. மூன்று குவளைக்கு 390 கலோரி, அறுபது கிராமுக்கு மேல் சர்க்கரை. பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு எடுத்துக்கொள்ளும் சேர்க்கப்பட்ட சர்க்கரை 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நீங்கள் சோற்றில் கைவைக்கும் முன்பே தேநீரில் அந்த எல்லை முடிந்துவிடுகிறது.

தேநீரை விடச் சொல்லவில்லை. இரண்டு கரண்டியை முதல் இரண்டு வாரம் ஒன்றரை ஆக்குங்கள், பிறகு ஒன்று. நாக்கு பழகுவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும், ஆனால் பழகிவிடும். பழகியவர்களுக்குப் பழைய தேநீரைத் திரும்பக் கொடுத்தால் திகட்டுகிறது என்பார்கள். பாதியாக்கினாலே நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரி குறைகிறது. இதனால் எடை எவ்வளவு குறையும் என்பதற்கு, அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகங்களில் அப்போது பணியாற்றிய கெவின் ஹாலும் அவருடைய குழுவினரும் 2011இல் ஒரு கணக்கு கொடுத்தார்கள்: நாள்தோறும் 24 கலோரியை நிலையாகக் குறைத்தால் கடைசியில் ஒரு கிலோ குறையும், அதில் பாதி முதல் ஓராண்டில் குறையும், ஏறக்குறைய முழுவதும் குறைய மூன்று ஆண்டு ஆகும். அந்தக் கணக்கின்படி உங்கள் தேநீர் மாற்றம் ஒன்றே முதல் ஆண்டில் நான்கு கிலோவையும், விடாமல் தொடர்ந்தால் ஏறத்தாழ எட்டுக் கிலோவையும் குறைக்கக்கூடும். குறைத்த அந்த இனிப்பை வேறொரு பலகாரத்தில் ஈடுகட்டாமல் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. வெளியில் குடிக்கும்போது தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) கேளுங்கள். அது பிடிக்காவிட்டால் கூராங் மானிஸ் (இனிப்பு குறைவாக) என்றாவது சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மாமாக் கடையில் இனிப்பு அவர்கள் விருப்பப்படிதான் வரும்.

எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றச் சொன்னால் இரண்டு நாள் செய்வார்கள், மூன்றாம் நாள் மறந்துவிடுவார்கள். நான் வேறு வழி சொல்கிறேன். அரசாங்க உதவித்தொகை விலையில் இரண்டரை வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும் ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய் மாதத்திற்கு எத்தனை ஆகிறது என்று எண்ணுங்கள். ஆறு பேருக்கு ஐந்து பாக்கெட் ஆகிறதென்றால், ஆளுக்கு நாளொன்றுக்கு 28 கிராம், அதாவது 250 கலோரி எண்ணெயிலிருந்து மட்டுமே வருகிறது. அதை நான்கு பாக்கெட் ஆக்கினால் ஆளுக்கு 50 கலோரி குறையும். மாமியார் முதல் கடைசிப் பிள்ளைவரை அனைவருக்கும் குறையும், யாரும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. கெம்போங் மீனை நான்கு நாள் பொரிப்பதற்குப் பதில் இரண்டு நாள் பொரித்து, இரண்டு நாள் புளிக்குழம்பில் போட்டாலே பெரும்பகுதி நடந்துவிடும். புரட்டாசி மாதத்தில் சைவம் கடைப்பிடிப்பவர்களுக்கு ஒரு சொல்: அந்த மாதத்தில் எடை ஏறி வருகிறவர்கள் பலர். கோதுமைப் புரதத்திலும் சோயாவிலும் செய்த சைவ இறைச்சியை எண்ணெயில் பொரித்து மூன்று வேளையும் சாப்பிடுவதுதான் பெரும்பாலும் காரணம். பருப்பும் தவ்பூவும் தெம்பேயும் கீரையும் அதைவிட எவ்வளவோ மேல்.

சோற்றைப் பொறுத்தவரை, சுகாதார அமைச்சு எடுத்துச் சொல்லிவரும் சுக்கு-சுக்கு-செப்பாரோ (கால்-கால்-அரை) முறை போதும். தட்டில் கால் பாகம் சோறு, கால் பாகம் மீன், முட்டை, கோழி அல்லது பருப்பு, மீதிப் பாதி காய்கறியும் கொஞ்சம் பழமும். இது கேட்பதற்கு எளிது. நம் வீடுகளில் தட்டின் முக்கால் பாகம் சோறாகவும் காய்கறி ஓரத்தில் ஒரு கரண்டியாகவும் இருப்பதுதான் வழக்கம். ஒரே நாளில் மாற்றினால் பசி தாங்காது. முதலில் காய்கறியை இரட்டிப்பாக்குங்கள். கங்கோங், முருங்கைக்கீரை, பயற்றங்காய், வெண்டைக்காய், தௌகே, எது மலிவாகக் கிடைக்கிறதோ அது. காய்கறிக்கு இடம் கொடுத்த பிறகு சோறு தானாகவே ஒதுங்கும். உங்களுக்கென்று தனிச் சமையல் மட்டும் வேண்டாம். குடும்பத்திற்கு ஒரு பானை, தமக்கு ஒரு பானை என்று தொடங்கிய பெண்கள் எவரும் அதை நெடுநாள் தொடர்ந்து நான் பார்த்ததில்லை.

பாட்டியைப் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. சோறு அன்றும் சோறுதான், இன்றும் சோறுதான். ஆனால் உங்கள் பாட்டி விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், நிரை நிரையாக நூற்றுக்கணக்கான மரங்களுக்கு நடந்து, குனிந்தும் நிமிர்ந்தும் வெட்டி, மங்குகளில் சேர்ந்த பாலை எடுத்துக் தோள்கம்பில் தொங்கும் காண்டா வாளியில் சுமந்துகொண்டு திரும்பியவர். நீங்கள் தொழிற்சாலை வேனில் ஏறி, பன்னிரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தோ நின்றோ வேலை பார்த்து, அதே வேனில் திரும்புகிறீர்கள். உழைப்பு இரண்டிலும் உண்டு. உடல் செலவழிக்கும் ஆற்றல்தான் வேறு. அதே வேளையில் பாட்டியின் ஒல்லியான உடலை நலத்தின் அடையாளமாகக் கொள்ளவும் வேண்டாம். அக்காலத்துத் தோட்டப் பெண்கள் பலர் இரத்தச்சோகையோடும் கொக்கிப்புழுவோடும் பிள்ளை பெற்றவர்கள். புனேயில் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் செய்த ஆய்வுகள், எடை குறைவாகப் பிறக்கும் இந்தியக் குழந்தைகளுக்குத் தசை குறைந்திருந்தாலும் தோலடிக் கொழுப்பு குறையாமலே இருப்பதைக் காட்டின. தாய் வயிற்றில் பட்ட குறை பிற்காலத்தில் நீரிழிவுக்கு வழிவிடுகிறது என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். ஆகவே பாட்டி பட்ட பாட்டின் ஒரு பகுதியை உங்கள் உடலும் சுமக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது. மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு மற்ற இனத்தாரைவிட அதிகமாக இருப்பதற்கு, நாம் சோம்பேறிகள் என்று பொதுவாகச் சொல்லப்படும் காரணம் எனக்கு வருத்தத்தையே தருகிறது.

நடையைப் பொறுத்தவரை, தாமான் சாலையில் நாய்த் தொல்லையும் மோட்டார்களும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கோயில் வளாகத்திலோ பள்ளித் திடலிலோ நடக்கலாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டு முன்வாசலில் பத்து நிமிடம் நடந்தாலும் அது கணக்கில் சேரும். சாப்பிட்டவுடன் நடப்பது அந்த வேளை உணவால் ஏறும் சர்க்கரையை மட்டுப்படுத்துகிறது, உங்கள் 6.0க்கு நேரடியாக உதவும் மருந்து அது. முதல் மாதம் பத்து நிமிடம், பிறகு பதினைந்து, பிறகு இருபது என்று ஏற்றி, வாரத்திற்கு 150 நிமிடத்தை எட்ட ஆறு மாதம் எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளி எழுவது, இவற்றுக்குக் காசு செலவில்லை. நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்குத் தசை ஆண்டுதோறும் குறைகிறது. இரத்தத்திலிருந்து சர்க்கரையை அதிகமாக எடுத்துக்கொள்வதும் அந்தத் தசைதான்.

இரவு ஷிப்ட் வாரங்களில் எடை குறைய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஏறாமல் இருந்தாலே போதும். தூக்கம் குறைந்தால் பசி கூடுவதும் இனிப்பின்மேல் நாட்டம் போவதும் உடலின் இயல்பு. வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், விடியற்காலை கேண்டீன் மீ கோரெங்கைத் தவிருங்கள், வீடு திரும்பியதும் இலேசாகப் பசியாறிவிட்டு அறையை இருட்டாக்கி உறங்குங்கள்.

தோழி விற்கும் கோப்பியை வாங்க வேண்டாம். இத்தகைய பானங்களில் சிபுட்ராமின் என்ற மருந்தை மறைவாகக் கலப்பது நம் நாட்டிலேயே பலமுறை கண்டுபிடிக்கப்பட்டு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுவதால் 2010இலேயே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட மருந்து அது. குடித்த இரண்டாம் நாளே பசி அடங்கி, நெஞ்சு படபடத்து, வாய் உலர்ந்தால் அது மூலிகையின் வேலை என்று நம்பாதீர்கள். மருந்தாகப் பதிவு பெற்ற பொருள்களில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும். தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் அதைச் சரிபார்க்கலாம். உணவு என்ற பெயரில் விற்கும் கோப்பிக்கு அந்த எண்ணே இருக்காது. ஊசி மருந்துகளின் நிலை வேறு. செமாக்ளுடைட் போன்றவை உண்மையாகவே எடையைக் குறைக்கின்றன. ஆனால் நிறுத்திய ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விலையும் அதிகம். உங்களுக்கு அது தேவையா என்பதை மருத்துவர் நேரில் பார்த்து முடிவு செய்யட்டும். எந்த முடிவானாலும் மேலே சொன்ன சமையலும் நடையும் கூடவே வேண்டும்.

திருமணத்திற்குள் நீங்கள் இரண்டு முதல் நான்கு கிலோ குறைத்திருக்கக்கூடும். சேலை இரவிக்கையை இப்போதைய அளவுக்கே தைக்கக் கொடுங்கள், கடைசி வாரத்தில் பிடித்துத் தைப்பது எளிது. விருந்தன்று சாப்பிடுங்கள், மறுநாள் பட்டினி கிடந்து ஈடுசெய்ய முயலாமல், வழக்கமான தட்டுக்குத் திரும்பினால் போதும். வாரம் ஒரு முறை, ஒரே நாளில், காலையில் எதுவும் சாப்பிடும் முன் எடை பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள். தீபாவளிக்குப் பிறகு இரண்டு கிலோ ஏறியிருந்தால், பத்தாகும் வரை காத்திருக்காமல் அந்த மாதமே தேநீரையும் எண்ணெய்ப் பாக்கெட்டையும் திரும்ப எண்ணத் தொடங்குங்கள். ஆறு மாதம் கழித்து எச்பிஏ1சி மீண்டும் எடுக்க வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக் கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்கலாம். உணவியல் அதிகாரியைச் சந்திக்க அங்கிருந்தே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் குடும்பம் அரசாங்கத்தின் எஸ்.டி.ஆர். உதவித்தொகை பெறுகிறதென்றால், நாற்பது வயதைக் கடந்த நீங்களும் கணவரும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனையும் செய்துகொள்ளலாம்.

மாமியாரைப் பட்டினியில் சேர்க்கவே கூடாது. அவர் கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், மருந்து போட்டுவிட்டு உணவைக் குறைக்கும்போது சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழ நேரிடும். குறைந்த இனிப்பும் குறைந்த எண்ணெயும் அவருக்கும் நல்லதுதான். ஆனால் சோற்றின் அளவைக் குறைக்கும் முன் அவருடைய மருந்துப் பட்டியலைக் கிளினிக்கில் காட்டி, அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். விரல் எடுத்த காலை நாள்தோறும் வெளிச்சத்தில் பார்த்து, புண்ணோ கொப்புளமோ இருந்தால் அன்றே காட்ட வேண்டும்.

மகளுக்கும் உணவுக் கட்டுப்பாடு வேண்டாம். பதினான்கு வயது வளரும் வயது. எடையை நிறுத்திவைத்து உயரம் ஏற விட்டாலே பல பிள்ளைகளுக்குப் போதுமானது. அவள் எதிரில் உங்கள் உடலையோ அவள் உடலையோ குறை சொல்லாதீர்கள். அந்தச் சொற்களைப் பெண்பிள்ளைகள் பல ஆண்டுகள் மறப்பதில்லை, ஒளித்துச் சாப்பிடும் பழக்கமும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. வீட்டில் சிரப் தண்ணீரும் பாக்கெட் பானமும் வாங்குவதை நிறுத்தி, இரவு நடைக்கு அவளையும் துணைக்கு அழைத்துப் போங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அவளுடைய கழுத்தின் பின்புறத்திலோ அக்குளிலோ தோல் கறுத்து, வெல்வெட்டுத் துணிபோல் தடித்திருந்தால் அது அழுக்கு அன்று, தேய்த்துக் குளிப்பாட்டினால் போகாது. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். மாதவிலக்கும் ஒழுங்கில்லாமல் இருந்தால், அடுத்த பள்ளி விடுமுறைவரை தள்ளிப்போடாமல் அவளைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்று இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.